சம்பந்தம் சொல்லாதது

"முதல் படம் எடுத்தவருக்குப் பருந்துன்னா என்னன்னே தெரியாதுங்க. கோழிக்கு ரெக்கை கொஞ்சம் பெருசா இருந்தா பருந்துன்னு நெனச்சுட்டாரு" என்று சூசைராஜ் மைக்கில் சொன்னதும் ஹால் முழுக்கச் சிரித்தது. மங்கையர்க்கரசியும் சிரித்தாள். சிரித்து முடிக்கும் முன்பே அவர் அவள் பக்கம் கையைக் காட்டி, "இது நான் சொன்னது இல்லீங்க, நம்ம சம்பந்தம் எட்டு வருஷத்துக்கு முன்னால எழுதுனது. அக்கா, அவர்கிட்ட சொல்லுங்க, நாங்க இன்னும் மறக்கலைன்னு" என்றார். சொல்கிறேன் என்று தலையை ஆட்டினாள். எவ்வளவு சுலபமாக ஆடுகிறது இந்தத் தலை. மூன்று மணிக்கு இந்த ஹாலுக்குள் நுழைந்ததிலிருந்து ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. நீங்க சம்பந்தத்தோட அக்காவா, ஆமாம். அவரால வர முடியலையா, ஆமாம், வர முடியல. நல்லா இருக்காரா, அதற்கும் ஒரு ஆட்டல், மேலும் கீழுமாகவும் இல்லாமல் பக்கவாட்டிலும் இல்லாமல். படியேறும்போது சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். யாரோ ஒரு பெண் ரோஸ்மில்க் கொண்டுவந்து நீட்டியபோது, குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று ஆயிற்று. இப்போது டம்ளர் காலி. மடியில் கைப்பை, கைப்பைக்குள் இரண்டு போன், ஒன்று அவளுடையது, இன்னொன்று சம்பந்தத்தினுடையது. சம்பந்தம் செத்துப் பதினொரு மாதம் ஆகிறது.

இங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் இருபத்தெட்டுப் பேரில் ஒருவருக்கும் அது தெரியாது. தெரியாதபடி பார்த்துக்கொண்டவள் அவள்தான். சாம்பல் பருந்து வாசகர் வட்டம் என்பது, அந்தப் பெயரில் வந்த பழைய படக்கதையைப் படித்து வளர்ந்தவர்கள் சேர்ந்து, பத்து வருஷமாக வாட்ஸப்புக்குள்ளேயே நடக்கிற ஒரு ஊர். திண்டுக்கல்லில் பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் சூசைராஜ் ஆரம்பித்தது. கும்பகோணத்தில் ஒரு டெய்லர், ராசிபுரத்தில் ஒரு காலேஜ் லெக்சரர், ஊருக்கு ஒருவராகச் சிதறிக் கிடந்தவர்கள், அந்தப் படக்கதையை வைத்து வந்த சினிமாக்களைப் பற்றி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே பத்து வருஷம் சண்டை போட்டிருக்கிறார்கள். இன்றைக்குத்தான் முதல்முறையாக நேரில் கூடுகிறார்கள். அதுவும் எங்கே என்று பேச்சு வந்தபோது, சம்பந்தத்தால் பயணம் பண்ண முடியாது, நாமே திருச்சிக்குப் போய்விடலாம் என்று அந்த டெய்லர்தான் எழுதினார். அதைப் படித்த அன்று தபால் ஆபீஸ் கவுண்டரில் ஒரு ரிஜிஸ்டர் தபாலுக்கு இரண்டு தடவை முத்திரை குத்தினாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சைவ ஹோட்டலின் மாடி, காதுகுத்துக்கும் நிச்சயதார்த்தத்துக்கும் விடுகிற ஹால், சுவரில் போன விசேஷத்தின் தெர்மாகோல் எழுத்துகள் பாதி பிய்ந்து நிற்கின்றன. மூன்று வருஷத்துக்கு முன்னால் சம்பந்தத்துக்குத் தொண்டையில் கட்டி வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள் என்பது இவர்கள் எல்லாருக்கும் தெரியும். அன்றிலிருந்து அவனுக்கு யாரும் போன் பண்ணியதில்லை. எழுதுவார்கள், அவனும் எழுதுவான். அதுதான் வசதியாகப் போயிற்று. வசதி என்ற சொல்லை நினைத்ததும் நாக்கில் ரோஸ்மில்க் கசந்தது.

அவள் திட்டம் போட்டுச் செய்ததில்லை, அதை மட்டும் யார் கேட்டாலும் சத்தியம் பண்ணுவாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் பந்திப் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் போன சாயங்காலம். வீட்டில் அவளும் மின்விசிறியும் மட்டும். அவனுக்கும் கல்யாணம் ஆகவில்லை, அவளுக்கும் ஆகவில்லை, அதற்கு ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் இருந்தது, கடைசியில் காரணம் தேவைப்படாமலே போயிற்று. மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுக்கிறவன் சாயங்காலம் வந்து கைகால் கழுவிவிட்டு உட்காருகிற அதே நேரம், அலமாரி மேல் இருந்த அவன் போன் கிணுங் என்றது. கும்பகோணம் ஜலாலுதீன், அந்த டெய்லர், குழுவில் மழை டைரக்டர் என்று பெயர் வாங்கிய இரண்டாம் பட டைரக்டருக்காகச் சம்பந்தத்தோடு வருஷக்கணக்காக மல்லுக்கட்டுகிறவர். "என்ன சம்பந்தம், மூணு வாரமா ஆளைக் காணோம்? பதில் இல்லாம பயந்து ஓடிட்டீரா?" குழுவுக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. போனைக் கையில் எடுத்தாள். ஜலாலுதீன் அவர்களுக்கு வணக்கம், என் தம்பி திருஞானசம்பந்தம் என்று தட்டினாள், அதற்கு மேல் விரல் நகரவில்லை. அழித்தாள். அழித்த இடத்தில் வேறொன்று தானாக வந்தது: "ஓடறதுக்கு நான் என்ன உங்க மழை டைரக்டர் படம் பார்க்க வந்த ஆடியன்ஸா பாய்?" உடனே பதில் வந்தது, ஒரு சிரிக்கும் மூஞ்சி, இரண்டு, ஏழு, இன்னும் நான்கு பேரிடமிருந்து, வந்துட்டாருய்யா சிங்கம் என்று ஒருவர். அந்த வீட்டில் அத்தனை பேர் சந்தோஷப்பட்டுப் பதினாறு நாள் ஆகியிருந்தது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று போனைச் சார்ஜில் போட்டாள். நாளைக்கு இன்னொரு கேள்வி வந்தது.

இப்போது மைக் வினோதாவிடம் போயிருந்தது, அந்த ராசிபுரம் லெக்சரர், முப்பது வயசு இருக்கும், புதுப்படத்தின் டைரக்டருக்காகக் குழுவில் தன்னந்தனியாக வாதாடுகிறவள். "எல்லாரும் கிராபிக்ஸ், கிராபிக்ஸ்ன்னு திட்டறீங்க. நம்ம படக்கதைல அவன் பறக்கறப்ப ஊரே அவன் காதுக்குள்ள கேக்கும்னு வருதில்ல? அதை முதல்முறையா தியேட்டர்ல நாலு பக்கமும் கேக்க வச்சது இவர்தானே சார்?" "கேக்க வச்சாரும்மா, அப்புறம் இறங்குன பிறகும் கேக்க வச்சுட்டாரே, அதுதானே கொடுமை" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "காதுல மிஷின் மாட்டிவிட்டுட்டாருங்க. சாம்பல் பருந்துக்குக் காது கேட்டா அப்புறம் அது என்ன சாம்பல் பருந்து?" சரிதான். மங்கையர்க்கரசி தன்னை மறந்து ஆமாம் என்றாள். படக்கதையில் டவுன் பஸ் கண்டக்டர் கதிரேசன், ஆபத்தில் யாராவது கூப்பிட்டால் சாம்பல் நிறச் சிறகு முளைத்துப் பறப்பான். பறக்கும்போது ஊரில் உள்ள ஒவ்வொரு முனகலும் அவனுக்குக் கேட்கும். தரையில் கால் வைத்ததும் மறுநாள் பொழுது விடிகிற வரைக்கும் ஒரு சத்தமும் கேட்காது, அதுதான் அந்தச் சிறகுக்கு விலை. காப்பாற்றப்பட்டவர்கள் கும்பிட்டு ஏதேதோ சொல்வார்கள், அவன் அவர்கள் வாயையே பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடுவான். நாற்பத்தெட்டுப் பக்கம், மட்டமான தாள், பெட்டிக்கடையில் கிளிப் மாட்டித் தொங்கும். சம்பந்தத்துக்கு ஏழு வயசு, அவளுக்குப் பத்து. அவள் சீக்கிரம் படித்துவிடுவாள் என்று வலது பக்கத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு இடது பக்கத்தைச் சத்தமாகப் படிப்பான், வில்லனுக்கு ஒரு குரல், கதிரேசனுக்கு ஒரு குரல், பஸ் பிரேக் போடுகிற சத்தம்கூட அவனே. கையை எடுடா என்றால் எடுக்க மாட்டான். அந்தக் கையின் பிசுபிசுப்பு, கடலை மிட்டாய் வாசனை. புதுப்படத்தை அவன் பார்க்கவில்லை. போன மாதம் மேட்னி ஷோவுக்கு அவள் மட்டும் தனியாகப் போய் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் கைப்பையை வைத்துக்கொண்டு, இந்த இடத்தில் என்ன சொல்வான், இந்த ஜோக்குக்கு எப்படி மூக்கைச் சுளிப்பான் என்று படம் முழுக்க அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடைவேளைக்குப் பிறகு வில்லன்கள் ஏழு பேரா எட்டுப் பேரா என்றே தெரியாமல் போய்விட்டது. வந்து அவன் பெயரில் ஒரு பக்கம் எழுதினாள். வினோதா அதோடு மூன்று நாள் சண்டை போட்டாள். நல்ல பெண். இப்போதும் அவள் பக்கம் திரும்பி, "மேடம், உங்க தம்பி என்னை வாங்குன வாங்குல எனக்குக் காய்ச்சலே வந்துருச்சு" என்று சிரிக்கிறாள்.

"பாலத்துக்கு வாங்கய்யா" என்றார் சூசைராஜ். "எந்த டைரக்டர் எப்படின்னு சொல்ல மத்த காட்சி எல்லாம் வேணாம், பாலம் ஒண்ணு போதும்." ஹால் ஒரு தடவை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது. பாலம் என்றால் முப்பத்தேழாவது இதழ். ஆற்றுப் பாலத்திலிருந்து பஸ் கவிழ்கிறது, கதிரேசன் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு கரையில் இறங்குகிறான், குழந்தையின் தாய் ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறாள், "வீடு பக்கத்துலதான்பா, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ." அவனுக்குக் கேட்காது. சிரித்துவிட்டு, பசியோடு, திரும்பி நடந்து போவான். அவ்வளவுதான் கட்டம். அதைப் படித்த அன்றைக்குச் சம்பந்தம் சாப்பிட மறுத்துவிட்டான். முதல் படம் எடுத்த கயிறு டைரக்டர், அவர் படத்தில் நாயகன் தொங்கும் கயிறு தெரிகிறது என்பதால் அந்தப் பெயர், தாயைக் கன்னிப்பெண்ணாக்கி அந்தக் கரையிலேயே ஒரு டூயட் வைத்துவிட்டார். புதுப்படத்துக் கிராபிக்ஸ் டைரக்டர் காதில் மிஷின் மாட்டிவிட்டதால் கதிரேசன், "இன்னிக்கு டயட்டும்மா" என்று சொல்லிவிட்டுப் பறந்தான். நடுவில் மழை டைரக்டர். படம் முழுக்க மழை, முகமே தெரியாத இருட்டு, ஆனால் பாலத்தில் அவர் ஒரு காரியம் செய்தார்: கதிரேசன் கால் தரையில் பட்டதும் தியேட்டரில் மொத்தச் சத்தத்தையும் நிறுத்திவிட்டார். இரண்டு நிமிஷம். மழை பெய்வது தெரிகிறது, சத்தம் இல்லை. தாயின் உதடு அசைகிறது, என்ன சொல்கிறாள் என்று நமக்கும் தெரியாது. ஊரெல்லாம் சவுண்டு சவுண்டு என்று கத்தினார்களாம். ஜலாலுதீன் ஒருவர்தான் அன்றிலிருந்து அந்த இரண்டு நிமிஷத்துக்காக உயிரைக் கொடுத்தார்; நம்மை அவன் காதுக்குள்ளே உட்கார வைத்துவிட்டார் டைரக்டர் என்பார். சம்பந்தம் எட்டு வருஷம் விடவில்லை. அவனுக்குக் கேட்காதது நமக்குக் கேட்க வேண்டும் பாய், சாப்பிட்டுப் போ என்று அவள் சொன்னது நமக்குத் தெரிந்து அவனுக்குத் தெரியாமல் போகிறதே, அதில்தான் வயிறு எரிகிறது. நம்மையும் செவிடாக்கிவிட்டால் அப்புறம் யாருக்காக அவள் சொன்னாள்? பிளேட்டைத் தட்டிப் பறித்துவிட்டார் உங்கள் ஆள்.

ஜலாலுதீன் அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். அறுபது தாண்டியவர், ஒல்லி, சட்டைப்பையில் துணியில் கோடு போடும் சாக்பீஸ் தூள் ஒட்டியிருந்தது. இத்தனை வருஷம் எழுத்தில் பொரிந்த மனிதர் வந்ததிலிருந்து பேசவேயில்லை. பாலம் என்றபோதுகூட எழுந்திருக்கவில்லை. அவரைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது, ஏன் என்று அவளுக்குத் தெரியும், தெரிந்ததால் வேறு பக்கம் பார்த்தாள். அப்போதுதான் யாரோ, "ஏங்க, இவ்வளவு பேர் இருக்கோம், சம்பந்தத்துக்கு ஒரு வீடியோ கால் போடலாமே? பேச வேணாம், கையை மட்டும் ஆட்டட்டும், மூஞ்சியைப் பார்ப்போம்" என்றார். ஆமாம் ஆமாம் என்றது ஹால். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள், சூசைராஜ் அதற்குள் போனை எடுத்து அழுத்திவிட்டார். மடியில் கைப்பை துடித்தது. சத்தம் அணைத்துத்தான் வைத்திருந்தாள், ஆனாலும் அது தொடைமேல் துடித்தது, உயிரோடு பிடித்த மீன் மாதிரி விட்டு விட்டு. இரண்டு கையாலும் பையை அமுக்கினாள். ஆபரேஷனுக்கு மறுநாள் பேச முடியாமல் அவன் அவள் மணிக்கட்டை இப்படித்தான் அழுத்தினான், தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு தடவை, வலித்தால் இரண்டு தடவை. இது எத்தனை தடவை. எல்லோரும் சூசைராஜ் கையில் இருந்த திரையை எட்டிப் பார்த்துச் சிரித்த முகத்தோடு காத்திருந்தார்கள், தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள் வினோதா. கடைசியில் நின்றது. "எடுக்கல" என்றார் சூசைராஜ். "தூங்கறாரா அக்கா?" "தூங்கறான்" என்றாள். சொன்ன பிறகு அந்தச் சொல் ஹாலிலேயே நின்றுகொண்டிருந்தது போல இருந்தது. பொய் என்றும் சொல்ல முடியாத சொல். பதினொரு மாதமாக அவள் இவர்களுக்குச் சொன்னதெல்லாம் இப்படித்தான், பொய் என்று கையில் பிடிக்க வராத பொய்கள். எழுந்து போய்விடலாமா. கீழே பஸ் ஸ்டாண்டு, உறையூர் பஸ் பத்து நிமிஷத்துக்கு ஒன்று. சிம் கார்டை எடுத்துவிட்டால் முடிந்தது, சம்பந்தம் மெதுவாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டான் என்று நினைத்துக்கொள்வார்கள், குழுவில் அப்படிக் காணாமல் போனவர்கள் எத்தனையோ பேர். அப்படிப் போனால் அவன் இவர்களுக்குச் சாகவே மாட்டான். அது நல்லதா. அது நல்லதாகத்தான் தோன்றியது, ஒரு நிமிஷம், கைப்பையின் கைப்பிடியைத் தோளில் மாட்டுகிற அளவுக்கு.

"சரி, முக்கியமான விஷயத்துக்கு வரேன்" என்று சூசைராஜ் ஒரு காகிதத்தை விரித்தார். "நம்ம வட்டத்துக்குப் பத்து வருஷம் ஆச்சு. ஒரு மலர் போடறோம். புத்தகமாவே. காலத்துக்கும் இருக்கும். முதல் கட்டுரையா எது வரணும்னு கமிட்டி ஒருமனசா முடிவு பண்ணிருக்கு. சம்பந்தம் தை மாசம் எழுதுன அந்தக் கட்டுரை." கைதட்டல். "ஏன்னு சொல்றேன். நாம எல்லாம் ஒரு டைரக்டரைப் பிடிச்சா பிடிச்சதுதான், திட்டுனா திட்டுனதுதான். சம்பந்தம் ஒருத்தர்தான், எட்டு வருஷம் திட்டுன படத்தைத் திரும்பப் பார்த்து, நான் நெனச்சது தப்பு, அந்த ரெண்டு நிமிஷம் சரிதான்னு எழுதுனாரு. அதுக்கு ஒரு மனசு வேணும்ங்க." அவர் படிக்கத் தொடங்கினார். "உதடு அசைந்து சத்தம் வராமல் போவதைப் பார்த்திராதவர்களுக்கு அந்தக் காட்சி நீளமாகத்தான் இருக்கும்." அவளுக்கு அடுத்த வரி தெரியும். அடுத்த வரியும் தெரியும். தபால் ஆபீஸில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், டிபன் பாக்ஸைத் திறக்காமல், ஜலாலுதீன் குழுவில் போட்டிருந்த அந்த இரண்டு நிமிஷத்தை மூன்று தடவை பார்த்துவிட்டு, கவுண்டர் திறக்கும் வரைக்கும் தட்டிக்கொண்டே இருந்தாள். அதுவரை இரண்டு மாதமும் அவன் சொன்னதைத்தான் அவன் பெயரில் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மட்டும் நிதானம் போய்விட்டது, உள்ளே கிடந்தது அவன் பெயரில் வெளியே வந்துவிட்டது. நாற்பது பேர் பாராட்டினார்கள். ஜலாலுதீனிடமிருந்து மட்டும் ஒரே வரி. "சம்பந்தம், நீங்களா?" கண்டுபிடித்துவிட்டார் என்று இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவர் அதை மறுபடி கேட்கவில்லை, அப்புறம் எதையுமே கேட்கவில்லை, மெல்ல மெல்ல எழுதுவதையும் விட்டார். சூசைராஜ் படித்துக்கொண்டே போனார். அட்டையில் சாம்பல் சிறகு, உள்ளே முதல் பக்கம், திருஞானசம்பந்தம், திருச்சி. அவன் பெயருக்குக் கீழே அவன் எட்டு வருஷம் எதிர்த்தது. அச்சில். அழிக்க முடியாமல். அவன் பார்த்தால் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, ஒரு வார்த்தை பேசாமல் கொல்லைப்பக்கம் போய் நிற்பான். செத்தவனுக்குப் பதில் சொல்ல முடியாது. செத்தவனை ஒத்துக்கொள்ள வைப்பதைவிட என்ன அநியாயம் இருக்கிறது. உயிரோடு இருப்பதாகக் காட்டியதைக்கூட அவன் மன்னித்துவிடுவான், சிரிக்கக்கூடச் சிரிப்பான், ஆனால் இதை...

"அவன் அப்படிச் சொல்லவே மாட்டான்" என்றாள்.

எழுந்து நின்றிருந்தாள் என்பது எல்லாரும் திரும்பிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. "என்னக்கா?" என்றார் சூசைராஜ், காகிதத்தில் விரலை வைத்துக்கொண்டே. "அதை எழுதுனது அவன் இல்ல. நான். அவன் போயிட்டான். போன கார்த்திகையிலயே போயிட்டான். அன்னிலேர்ந்து அவன் போன்ல எழுதிக்கிட்டு இருக்கறது நான்தான்." கைப்பையைத் திறந்து அவன் போனை எடுத்து, காலியாக இருந்த நாற்காலி ஒன்றின் மேல் வைத்தாள். எதற்கு வைத்தாள் என்று தெரியவில்லை. கீழே பஸ் ஸ்டாண்டில் துறையூர் துறையூர் என்று ஒருவன் கூவினான். வினோதாதான் முதலில், மிகவும் சின்னக் குரலில், "புதுப்படம் பத்தி என்கூடச் சண்டை போட்டது?" என்றாள். "நான்தாம்மா." "எங்க அப்பா ஆஸ்பத்திரில இருந்தப்ப எப்படி இருக்காருன்னு தினமும் கேட்டது?" "அதுவும் நான்தான்." பின்வரிசையில் ஒரு நாற்காலி தள்ளப்பட்டது. "இது ஏமாத்து வேலைங்க" என்றார் ஒருவர், கோபத்தில் குரல் உடைந்தது, "நான் அந்த மனுஷனுக்காகச் சமயபுரத்துல வேண்டிக்கிட்டு வந்திருக்கேன் காலைல." செருப்பை மாட்டும் சத்தம், படியிறங்கும் சத்தம். சரிதான் அவர் சொன்னது. போய்க் காலில் விழுந்திருக்கலாம். சூசைராஜ் மைக்கை அணைத்து மேஜைமேல் வைத்துவிட்டு, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார். முதுகு குலுங்கியது.

ஜலாலுதீன் எழுந்து வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தாள், திட்டட்டும், அவருக்குத்தான் அந்த உரிமை. அவர் அவள் முன்னால் நின்று, "கடைசி வரைக்கும் அவர் ஒத்துக்கலையா தங்கச்சி?" என்று கேட்டார்.

"இல்ல பாய். ஆஸ்பத்திரிலகூட நோட்டுல எழுதிக் காட்டுனான்."

"என்னன்னு?"

"ஜலால் பாய்க்குத் துணி வெட்டத் தெரியும், படம் வெட்டுனது சரியா தப்பான்னு தெரியாதுன்னு."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறாக மாறியது, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். "எட்டு வருஷம்" என்றார். "காலைல கடையைத் திறந்ததும் மிஷின்ல உக்கார்றதுக்கு முன்னாடி அந்த மனுஷன் இன்னிக்கு என்ன திட்டிருக்காருன்னு பாப்பேன். தை மாசம் நீங்க எழுதுனதைப் படிச்சேன். ஜெயிச்சாச்சுன்னு பசங்க எல்லாம் போன் போட்டாங்க. எனக்கு அன்னிக்கு ஒரு பிளவுஸ்கூட வெட்ட ஓடல. எதிர்ல யாருமே இல்லாத மாதிரி ஆயிருச்சு தங்கச்சி. ஏன்னு தெரியாமலே இத்தனை மாசம்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, அவளே எதிர்பார்க்காத ஒரு கேள்வி: "அது சரி, நீங்க எதுக்கு அந்தச் சத்தமில்லாதது நல்லாருக்குன்னு எழுதுனீங்க? என்கிட்டேர்ந்து கத்துக்கிட்டதா?"

இல்லை என்று தலையை ஆட்டினாள். இதை யாரிடமும் சொன்னதில்லை. கடைசி நாள் காலை பத்து மணி இருக்கும், நோட்டைப் பிடிக்கக் கையில் வலு இல்லை, அவளைப் பார்த்து வாயைத் திறந்து பேசினான். இரண்டு வருஷம் அவன் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொண்டவள்தான் அவள், பால், தலையணை, ஃபேனைக் குறை, எல்லாம் தெரியும். அன்றைக்கு மட்டும் தெரியவில்லை. நீளமாக ஏதோ சொன்னான், நாலைந்து வார்த்தை, இரண்டாவது தடவையும் சொன்னான். அவள் புரிந்த மாதிரி சரிடா என்றாள். அவன் அதை நம்பி, சிரித்து, கண்ணை மூடிக்கொண்டான். இதை அவள் இருபத்தேழு பேருக்கு நடுவில் நின்று எப்படிச் சொன்னாளோ, முன்னுக்குப் பின்னாக, இடையில் இரண்டு தடவை நிறுத்தி, சொல்லி முடித்தாள். "அந்த ரெண்டு நிமிஷம் அப்படியேதான் இருக்கும் பாய். அப்படித்தான் இருக்கும். அதை எடுத்தவருக்குத் தெரிஞ்சிருக்கு."

ஜலாலுதீன் சட்டைப்பையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைக் கட்டைவிரலால் தேய்த்தார். "அப்படின்னா சம்பந்தம் சொன்னதுதான் சரி" என்றார் மெதுவாக.

"என்ன?"

"அவர்தான் சரி தங்கச்சி. இத்தனை வருஷம் எனக்கு உறைக்கல. உங்களுக்கு ஒருத்தராவது பக்கத்துல இருந்து, அவர் இதைச் சொன்னாரும்மான்னு சொல்லிருந்தா எப்படி இருந்திருக்கும்? அதைத்தானே அவர் கேட்டாரு. அவனுக்குக் கேக்கலைன்னாலும் பாக்குற நமக்காவது கேக்கணும். அந்தத் தாய் சொன்னது எங்கயாவது ஒரு எடத்துல போய்ச் சேரணும். டைரக்டர் அதை மறைச்சுட்டாரு. தப்பு. பெரிய தப்பு பண்ணிட்டாரு."

அவளுக்குக் கோபம் வந்தது. பதினொரு மாதத்தில் முதல்முறையாக வந்த கோபம், சுத்தமான கோபம், காதோரம் சூடேறியது. எட்டு வருஷம் அந்த இரண்டு நிமிஷத்தைத் தோளில் சுமந்த மனுஷன், அவளை அதில் தனியாக விட்டுவிட்டு அந்தப் பக்கம் தாவிவிட்டாரே. "அதெப்படி பாய்?" என்றாள். "போய்ச் சேரணும்னு நீங்க சொல்றீங்க. சேராதே! எங்கயும் சேராது. சேர்ந்த மாதிரி எழுதிக் காட்டுறதுதான் பொய். படக்கதைல அந்தக் கட்டம்தான் நமக்கு ஆறுதலுக்குப் போட்ட பொய். உதடு மட்டும் தெரியணும். என்னன்னு தெரியாமலே அவன் திரும்பி நடக்கணும், நாமளும் கூட நடக்கணும்."

"அப்ப சம்பந்தம் சொன்னது தப்புங்கறீங்களா?" என்றாள் வினோதா, கண்ணீரைத் துடைக்காமலே.

"தப்புதான்" என்றாள் மங்கையர்க்கரசி. சொல்லும்போது நெஞ்சுக்குள் ஏதோ இடம் மாறி உட்கார்ந்தது. "சின்ன வயசுலேர்ந்தே அவன்கிட்ட இந்த ஒரு விஷயத்துல எனக்குச் சண்டை உண்டு. நான்தான் சொன்னதில்ல."

கீழிருந்து ஹோட்டல்காரர் வந்து, அஞ்சு மணி ஆச்சுங்க, அடுத்த பார்ட்டி வந்துரும் என்றார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. சூசைராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேஜைக்கு வந்தார், அந்தக் கட்டுரைக் காகிதத்தில் மேலே அச்சடித்திருந்த பெயரைப் பேனாவால் அடித்தார், அடித்துவிட்டு நிமிர்ந்தார். "சம்பந்தம் எழுதுன நோட்டெல்லாம் இருக்கா அக்கா?" "பதினாலு நோட்டு இருக்கு." "அது முதல்ல வரட்டும். இது அதுக்கு அடுத்து, எதிர்க்கட்டுரையா. யாரு பேர்ல போடறது? இவ்வளவு நேரமா உங்க பேரைக்கூட நாங்க கேக்கல பாருங்க."

"மங்கையர்க்கரசி."

அவர் எழுதினார். இன்னும் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தார்கள், வாசலோரம் இரண்டு பேர் தங்களுக்குள் தாழ்ந்த குரலில் ஏதோ பேசினார்கள், அது நல்லதாக இருக்காது என்று அவளுக்குத் தெரிந்தது. ஜலாலுதீன் மட்டும் தன் நாற்காலியைத் தூக்கி வந்து அவளுக்கு நேர் எதிரே போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். "ஆறுதலுக்குப் போட்ட பொய்னு சொன்னீங்களே" என்றார், "அதுக்கு சம்பந்தம் இருந்தா என்ன சொல்லிருப்பாரு தெரியுமா? நான் சொல்றேன், கேளுங்க."

"சொல்லுங்க" என்று அவளும் உட்கார்ந்தாள்.